உதிரியா, பாக்கெட்டா: பொருளுக்குப் பொருள் மாறும் கணக்கு

பூக்கடையில் தொடுக்காத பூவை உதிரிப்பூ என்கிறோம். பட்டறையில் வண்டியிலிருந்து தனியாகப் பிரித்து விற்கப்படுவது உதிரிபாகம். மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் பருப்பும் உதிரிதான், பேச்சில் அதை லூஸ் என்று சொல்லும் பழக்கம் வேரூன்றிவிட்டது. கிரிக்கெட் ஆட்டக்கணக்கில் மட்டையில் பட்டு வராத ஓட்டங்கள்கூட உதிரிகள் என்றே எழுதப்படுகின்றன. சேராமல், கட்டப்படாமல், தனித்து நிற்பது என்ற அளவில் இவை அனைத்துக்கும் உறவு உண்டு. ஆனால் கையில் பணத்தை வைத்துக்கொண்டு, இதை உதிரியாக வாங்கலாமா அல்லது கட்டாகவோ பாக்கெட்டாகவோ வாங்கலாமா என்று நிற்கும் நேரத்தில் அந்த உறவு நமக்கு உதவுவதில்லை. உதிரி மலிவு, பாக்கெட் தரம் என்று பொதுவாக நிலவும் எண்ணம் சில பொருள்களுக்குச் சரியாகவும் சிலவற்றுக்கு முற்றிலும் தவறாகவும் இருக்கிறது.

நான் பின்பற்றுவது ஒரே ஒரு கேள்வியை: இந்தப் பொருளின் கட்டை அவிழ்த்தால் எது கையை விட்டுப் போகிறது? சிலவற்றில் போவது வெறும் பிளாஸ்டிக் உறை. சிலவற்றில் காலாவதித் தேதி. சிலவற்றில் ஒருவரின் உழைப்பு. மணல் போன்றவற்றில் அளவே போய்விடுகிறது. போவது எது என்று தெரிந்தால், அதற்காகக் கொடுக்கும் கூடுதல் விலை தகுமா என்பதைத் தீர்மானிப்பது கடினமில்லை.

அரிசியையும் பருப்பையும் முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மாதாமாதம் நாம் எடுக்கும் முடிவு இதுதான். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டப்பட்ட, 25 கிலோ வரை எடையுள்ள அரிசி, பருப்பு, கோதுமை, மாவு போன்றவற்றுக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது; அதே பொருளைக் கடைக்காரர் நம் கண்ணெதிரே நிறுத்துத் தந்தால் அந்த விற்பனைக்கு வரியில்லை. அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை என்ற புதிய அளவு திடீரென்று முளைத்ததற்குக் காரணம் இந்த 25 கிலோ வரம்புதான். உதிரியாக வாங்கினால் வரி முழுவதும் மிச்சம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடவும் முடியாது. கடைக்காரர் 25 கிலோ மூட்டையை வாங்கிப் பிரித்து விற்கிறார் என்றால் அவர் முன்பே செலுத்திய வரி அவருடைய விலைக்குள் ஒளிந்திருக்கும். 30 அல்லது 50 கிலோ மூட்டையைப் பிரித்து விற்பவரிடம்தான் வரியின் பாரம் உண்மையிலேயே இருக்காது. ஆகவே கடையில் எந்த மூட்டை திறந்து கிடக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பது வீண் வேலையன்று.

முழுத் தானியத்தையும் முழுப் பருப்பையும் பொறுத்தவரை என் சாய்வு உதிரியின் பக்கம். நிறம், வாசனை, நொய், கல், வண்டு அனைத்தையும் உள்ளங்கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யலாம். பாக்கெட்டில் அந்த வாய்ப்பு கிடையாது, வடிவமைப்பாளர் விட்டு வைத்த கண்ணாடிச் சன்னல் வழியே தெரிவதைத்தான் பார்க்க முடியும். துவரம்பருப்பில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். தொடர்ந்து உண்டால் கால்களை முடக்கும் கேசரிப் பருப்பை அதனுடன் கலப்பது இந்தியச் சந்தையின் பழைய நோய். உருண்டையான துவரைக்கு நடுவே ஆப்பு வடிவில், ஒருபக்கம் சரிந்து, பட்டையாகத் தெரியும் பருப்புகள் இருந்தால் அந்தக் கடையை மாற்றிவிடலாம். அதைவிட முக்கியம் கடையின் ஓட்டம். வாரம் ஒரு மூட்டை காலியாகும் கடையில் உதிரிப் பருப்பு நல்லது. அதே மூட்டை இரண்டு மாதம் வாய் திறந்து நிற்கும் கடையில் பாக்கெட்தான் நல்லது. அண்ணாச்சி கடையோ கூட்டுறவுப் பண்டகசாலையோ, இந்த விதி பொருந்தும்.

பாக்கெட்டுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். பாக்கெட் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர எடையும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் சொல்வதற்கான தொடர்பும் உறையில் இருந்தாக வேண்டும். உணவுப் பொருளானால் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். ஏதேனும் கோளாறு என்றால் யாரைக் கேட்பது என்பது தெரியும். உதிரியில் அது கடைக்காரரின் முகத்தை மட்டுமே சார்ந்தது. எடைக்கு எடை விலையை ஒப்பிடுவதற்கு இப்போது பாக்கெட்டிலேயே ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். 450 கிராமை 500 கிராம் பாக்கெட்டின் உயரத்தில் அடைத்து நிறுத்தும் தந்திரத்துக்கு எதிராக நமக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அந்தச் சிறிய எழுத்து. உதிரியில் அதற்கு ஈடான ஆயுதம், தட்டில் பையை வைத்தபின் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பது. நிறுத்ததைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்ட விடாதீர்கள். உணவை அதில் சுற்றக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் விதிமுறைகளே சொல்கின்றன. துணிப்பையோ டப்பாவோ கொண்டுபோவதுதான் உதிரிக்கு உகந்த வழி.

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் என்று வரும்போது இந்தச் சாய்வு அப்படியே தலைகீழாகிறது. பொடியாக்கிய நொடியிலேயே கண்ணுக்கு வேலை போய்விடுகிறது. செங்கல் தூளும் சாயமும் கலந்த மிளகாய்த்தூளை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது. சொல்லப்போனால் கலப்படத்தூளே அதிகப் பளபளப்பாக இருக்கும். மஞ்சளில் லெட் குரோமேட் எனும் ஈயச் சாயத்தைச் சேர்ப்பது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அளவுக்கு ஆபத்தானது. திறந்த தட்டில் குவித்து வைத்து விற்கும் தூளை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாக்கெட் தூள் அதைவிட மேல். அதற்கும் மேலான மூன்றாவது வழி நம் ஊர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது: வற்றல் மிளகாயையும் மல்லியையும் விரலி மஞ்சளையும் உதிரியாக வாங்கி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயில் காட்டி, மில்லில் கொடுத்துத் திரித்துக்கொள்வது. முழுப்பொருளை உதிரியாகவும் பொடியை வீட்டுத் தயாரிப்பாகவும் வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவைப்படாது. விரலி மஞ்சளிலும் மேற்பூச்சாக அந்தச் சாயம் ஏற்றப்படுவது உண்டு என்பதால் கண்ணைப் பறிக்கும் மஞ்சளை விட்டு, சற்று மங்கிய, கையில் தேய்த்தால் நிறம் ஒட்டாத கிழங்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

எண்ணெயில் சட்டமே நமக்காக முடிவெடுத்து வைத்திருக்கிறது. 1998-இல் தில்லியில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் உடல் வீங்கி மருத்துவமனைகளை நிறைத்தனர். அதே ஆண்டிலேயே சமையல் எண்ணெயை அடைத்து விற்பதற்கான ஆணை வந்தது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளும் அடைக்காத, லேபிள் இல்லாத சமையல் எண்ணெயை விற்பதைத் தடுக்கின்றன. மாநில அரசு காரணம் காட்டி விலக்கு அளிக்கலாம். தகர டின்னிலிருந்து குழாய் வைத்துப் பிடித்துத் தரும் பெயரில்லா எண்ணெய் ஒருமுறை பொரித்த கடையிலிருந்து திரும்பி வந்ததாகவும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். செக்கு எண்ணெய் வேறு வகை. கடையின் முகப்பில் செக்கு சுற்றிக்கொண்டிருப்பதால் பின்னால் டிரம்மிலிருந்து ஊற்றப்படுவதும் அதே செக்கில் ஆட்டியது என்று ஆகிவிடாது. நிலக்கடலையையோ கொப்பரையையோ நாமே வாங்கிக் கொடுத்து, ஆட்டுக்கூலி கட்டி, பிண்ணாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கம் உள்ள ஊர்களில் அதுவே முதல் தேர்வு. அது முடியாதவர்களுக்கு மூடி முத்திரையுள்ள புட்டி. திறந்து வைத்து விற்கும் எண்ணெய் வெளிச்சத்திலும் காற்றிலும் விரைவாகக் காறல் வாடை ஏறிக் கெடும் என்பது அனைவருக்கும் பொது.

உப்பை ஒரு வரியில் முடித்துவிடலாம். அயோடின் சேர்த்த உப்பு நுகர்வோர் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்கு அயோடினைக் கொண்டிருக்க வேண்டும், அந்த அயோடின் ஈரத்திலும் திறந்த காற்றிலும் குறையும்; ஆகையால் சாக்கில் குவித்து விற்கும் கல்லுப்பை ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் விட்டுவிட்டு அன்றாடச் சமையலுக்குப் பாக்கெட்டையே வாங்குவது சரி.

மருந்துக் கடையில் உதிரி என்பது வேறொரு பொருளைப் பெறுகிறது. அங்கே யாரும் மாத்திரையை மூட்டையிலிருந்து அள்ளுவதில்லை. பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரித்துத் தருகிறார்கள். இதில் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல அட்டைகளில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு முனையில் மட்டும் அச்சிடப்பட்டிருக்கின்றன. கடைக்காரரின் கத்தரிக்கோல் பெரும்பாலும் மறுமுனையிலிருந்தே தொடங்கும், ஏனென்றால் விற்காமல் மிஞ்சும் மாத்திரைகளை விநியோகஸ்தரிடம் திருப்பித் தர அவருக்குத் தேதியுள்ள முனை வேண்டும். அவர் பக்கத்து நியாயம் அது. விளைவாக நம் கைக்கு வருவது பின்புறத்தில் பாதி எழுத்துகள் மட்டும் எஞ்சிய வெள்ளித்தாள் துண்டு. மூன்று மாதம் கழித்துக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டிலோ அலமாரியின் டப்பாவிலோ அந்தத் துண்டு கிடைக்கும்போது அது எந்த மாத்திரை, எந்த ஆண்டுவரை செல்லும் என்று சொல்ல முடியாது.

அதற்காக ஆறு மாத்திரை தேவைப்படும் ஒருவர் பதினைந்தை வாங்கி ஒன்பதைக் குப்பையில் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நாள்கணக்கில் முடிந்துவிடும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு மருந்துகளை உதிரியாகவே வாங்கலாம். ஆனால் பில் கேட்டு வாங்க வேண்டும், அதில் மருந்தின் பெயரோடு தொகுதி எண்ணும் காலாவதியும் பதிந்திருக்கும். பில் தர மறுக்கும் கடையில் அட்டையை வெட்டுவதற்கு முன் அதன் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது எளிய மாற்று. இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு என்று நாள்தோறும் உட்கொள்பவற்றுக்கு முழு அட்டையே சரி. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறையில் க்யூஆர் குறியீடு அல்லது பட்டைக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. போலியா என்று சரிபார்க்க உதவும் அந்த வசதி, வெட்டிய துண்டோடு நம் வீட்டுக்கு வராது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அவற்றின் சொந்தப் புட்டியிலிருந்து மாற்றக் கூடாது. காற்றுப் பட்டால் அதன் வீரியம் ஆவியாகிவிடும். கிளினிக்கில் பெயர் எழுதாத சிறு காகித உறையில் காலை, மதியம், இரவு என்று கோடு போட்டுத் தரும் வெள்ளை மாத்திரைகளைப் பற்றி ஒன்றே ஒன்று: பெயரை எழுதித் தருமாறு கேளுங்கள். ஒவ்வாமை ஏற்பட்டு வேறு மருத்துவரிடம் ஓடும் இரவில் அந்த ஒரு சொல்தான் தேவைப்படும்.

பூவுக்கு வருவோம். இங்கே கட்டு அவிழ்ந்தால் போவது தகவலும் பாதுகாப்பும் எதுவுமில்லை. போவது ஒருவரின் கைவேலை மட்டும். ஆகவே கேள்வியும் கூலியைப் பற்றியதாக மாறுகிறது. மாட்டுத்தாவணியிலும் கோயம்பேட்டிலும் நிலக்கோட்டையிலும் தோவாளையிலும் உதிரிப்பூ கிலோக் கணக்கில் விலை போகிறது. தெருமுனையில் அதே பூ முழக் கணக்கில் விற்கிறது. ஒன்றை எடையாலும் மற்றதை நீளத்தாலும் அளப்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடிவதில்லை, வியாபாரிக்கு அதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. முழத்தின் உண்மையான அளவு கையின் நீளத்தில் இல்லை, நெருக்கத்தில் இருக்கிறது. ஒரு சாணில் எத்தனை கண்ணி விழுந்திருக்கிறது, ஒரு கண்ணியில் இரண்டு பக்கமும் சேர்த்து எத்தனை மொட்டு என்று எண்ணினால், ஒரே விலை சொல்லும் இரண்டு கூடைகளில் ஒன்றில் மற்றதைவிட ஒன்றரை மடங்கு பூ இருப்பது தெரியவரும். உதிரியில் ஏமாற்று வேறு விதம்: நீர் தெளித்த மொட்டு எடை கூடும், நேற்றைய மீதி இன்றைய பூவோடு கலக்கும். கையில் எடுத்தால் காம்பு பச்சையாகவும் மொட்டு இறுகியும் இருக்க வேண்டும். காம்பு பழுப்பேறியிருந்தால் அது நேற்றைய பறிப்பு.

அன்றாடம் தலைக்கு ஒரு முழம் வைப்பவர்கள் கட்டிய பூவையே வாங்குவது நல்லது. அந்தச் சிறு அளவுக்கு உதிரி வாங்கிக் கட்டுவதில் மிச்சம் ஒன்றுமில்லை, கட்டுபவரின் வருமானமும் அதில்தான் இருக்கிறது. அர்ச்சனைக்கு உதிரியே போதும், அரளியையும் சாமந்தியையும் தொடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு உதிர்த்துப் போடுவதில் பொருளில்லை. திருமண வீட்டின் நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முகூர்த்த நாளில் மல்லிகை விலை காலைக்கும் மாலைக்கும் இடையே பலமடங்கு மாறக்கூடியது; 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் விலையேற்றம் அந்த நாள்களில் நாளிதழ்களில் செய்தியாகவே வருகிறது. விடியலுக்கு முன் பறித்த மொட்டை உதிரியாக வாங்கி, ஈரத்துணியில் பரப்பி வைத்து, கட்டுவோரை வீட்டுக்கே அழைத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கட்ட வைத்தால், மாலையில் வரவேற்பு தொடங்கும் நேரத்துக்கு மொட்டு மலரத் தொடங்கியிருக்கும். அப்படி அழைக்க ஆள் கிடைக்காத நகரத்தில், முந்தைய நாளே விலை பேசி முன்பணம் கொடுத்துக் கட்டிய சரமாகவே வாங்குவது நிம்மதி.

வளர்ப்பவருக்கும் இதே பிரிவு இருக்கிறது. தோட்டக்கலைத் துறையினர் மல்லி, கனகாம்பரம், செவ்வந்தி, சம்பங்கி போன்றவற்றை உதிரி மலர்கள் என்றும், காம்போடு வெட்டி விற்கும் ரோஜா, ஜெர்பரா போன்றவற்றைக் கொய்மலர்கள் என்றும் பிரிக்கிறார்கள். சம்பங்கியில் இரண்டும் உண்டு. ஒற்றை அடுக்கு இதழ் ரகங்கள் உதிரிக்கும் வாசனைப் பொருள் எடுப்பதற்கும், பல அடுக்கு இதழ் ரகங்கள் கொய்மலருக்கும் போகின்றன. சத்தியமங்கலம் பகுதியில் ஒருவர் எந்தக் கிழங்கை ஊன்றுகிறார் என்பது, நாளைக் காலையில் அவர் கிலோ தராசுக்கு நிற்பாரா அல்லது காம்பு எண்ணிக் கட்டுவாரா என்பதை அன்றே தீர்மானித்துவிடுகிறது.

வீடு கட்டுபவர்களுக்கு உதிரி என்ற சொல்லின் நான்காவது முகம் தெரியும். மணலும், கல்லை உடைத்துச் செய்யும் எம்சாண்டும் அடுக்கி அடைக்க முடியாதவை, உதிரியாகவே வரும். பெரும்பாலும் யூனிட் கணக்கில், அதாவது 100 கன அடி என்ற கொள்ளளவில் விலை பேசப்படுகிறது. சற்று ஈரமான மணல் உலர்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதைப் பலர் அறிவதில்லை. துகள்களைச் சுற்றியுள்ள நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதால், சுமார் 5 விழுக்காடு ஈரத்தில் மணலின் கொள்ளளவு 20 முதல் 30 விழுக்காடு வரை பெருகக்கூடும். 25 விழுக்காடு பெருகியிருந்தால் லாரியில் நாம் அளந்து வாங்கிய 100 கன அடியில் உண்மையில் இருப்பது 80 கன அடி மணல்தான். கண்ணாடிக் குவளையில் அந்த மணலை இட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டு, நீர் ஊற்றிக் கிளறி அடங்க விட்டால் எவ்வளவு இறங்குகிறது என்பதே பெருக்கத்தின் அளவைக் காட்டிவிடும். எடைமேடைச் சீட்டோடு டன் கணக்கில் வாங்குவது இதற்குத் தீர்வு போலத் தோன்றினாலும் அங்கே நீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். ஆனால் 5 விழுக்காடு நீரின் எடை 20 விழுக்காடு காற்றைவிடக் குறைந்த இழப்பு என்பதால் நான் எடைக்கே வாக்களிப்பேன்.

இந்தப் பெருக்கம் கலவையையும் பாதிக்கிறது. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளளவு உடையது. அதற்கு ஒன்றரை மடங்கு மணல், மூன்று மடங்கு ஜல்லி என்று பாண்டு (கலவை அள்ளும் சட்டி) கணக்கில் ஈர மணலை அளந்து போட்டால் மணல் குறைந்து சிமென்ட் செலவு ஏறும். ஆலையில் கலந்து லாரியில் வரும் தயார்நிலைக் கான்கிரீட்டில் எல்லாம் எடையில் அளக்கப்படுவதால் இந்தத் தொல்லை இல்லை. மாடித்தளம் போல ஒரே நாளில் பெரிய அளவு தேவைப்படும்போது அதையும், தூணுக்கும் லிண்டலுக்கும் சிறுகச் சிறுக வேண்டியிருக்கும்போது தளத்தில் கலப்பதையும் தேர்ந்தெடுக்கலாம். குறுகிய சந்தில் லாரி நுழையாது என்றால் தேர்வே இல்லை.

இறுதியாக உதிரிபாகம். இங்கே உதிரி என்பது மலிவைக் குறிப்பதே இல்லை. ஒரு முழு வண்டியை உதிரிபாகங்களாக வாங்கிச் சேர்த்தால் அதன் விலை ஷோரூம் விலையைப் பலமடங்கு தாண்டும். எடுக்க வேண்டிய முடிவு, பழுதான ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவதா அல்லது அதோடு இணைந்து தேயும் பாகங்களையும் சேர்த்து மாற்றுவதா என்பதுதான். மோட்டார் சைக்கிளின் செயின் தளர்ந்தால் செயினை மட்டும் மாற்றுவது கண்ணுக்குச் சிக்கனமாகத் தெரியும். பற்சக்கரங்களின் பற்கள் ஏற்கெனவே கொக்கிபோல் வளைந்து தேய்ந்திருந்தால் புதிய செயின் அவற்றில் சரியாக அமராமல் சீக்கிரமே நீண்டுவிடும். அப்போது இரண்டாவது முறையும் கூலி. ஆகவே செயினையும் இரு பற்சக்கரங்களையும் கிட் எனப்படும் ஒரே தொகுப்பாகவே மாற்றச் சொல்லும் மெக்கானிக் பெரும்பாலும் நம்மை ஏமாற்றுவதில்லை. மாறாக, கைப்பேசியின் மேற்கண்ணாடி மட்டும் கீறியிருக்கும்போது காம்போ எனப்படும் முழுத்திரையையும் மாற்றச் சொன்னால் ஒரு கணம் நிதானிக்கலாம். தொடுதிரை வேலை செய்து, படத்தில் கோடோ கறையோ இல்லை என்றால் கண்ணாடியை மட்டும் மாற்றித் தரும் கடைகள் சென்னை ரிச்சி தெருவில் இருக்கின்றன. அந்த வேலையில் திரையே உடைந்துபோகும் அபாயம் உண்டு என்பதால், உடைந்தால் யார் பொறுப்பு என்பதைக் கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய வண்டிப் பாகங்களை நான் முற்றிலும் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். கதவு, கண்ணாடி, இருக்கைச் சட்டம் போன்றவை பழையதாக இருப்பதால் உயிருக்கு ஆபத்தில்லை, உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கு வேறு வழியும் இல்லை. பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றில் மட்டும் பழையதையும் பெயரில்லாததையும் தவிர்க்க வேண்டும். தயாரிப்பாளர்களின் பாகங்களையும் பழுதுநீக்கும் விவரங்களையும் ஓரிடத்தில் அறிய 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய பழுதுநீக்கும் உரிமை இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால், பாகத்தின் எண்ணைச் சொல்லியே விலை கேட்கலாம். எண்ணைச் சொல்லிக் கேட்பவரிடம் கடைக்காரர் சொல்லும் முதல் விலையே வேறாக இருக்கும்.